பேனாவைப் பார்த்துப் பேசுகிறவர்

காய்ந்த நெத்திலிக்குத் தலை கிள்ளும் வேலை அந்த வீட்டில் கனகராஜுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையின்மேல் பழைய நாளிதழை விரித்துக்கொண்டு உட்காருவார். தலையை ஒரு கிள்ளு, உடலை ஒரு பிளவு, கறுப்புக் குடலை நகத்தால் எடுத்து ஓரத்தில் ஒரு தட்டு. சுத்தமானவை பத்துப் பத்தாக வரிசையில் கிடக்கும். தாளை விரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். கோர்ட்டுச் செய்தி இருந்தால் அந்தப் பக்கம் மடிந்து அலமாரிக்குப் போய்விடும். அரசியல் பக்கம் கிடைத்தால் அவருக்கு வசதி. “கட்சிக்காரன் மூஞ்சியில போடலாம், தப்பில்ல,” என்பார்.

ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். வயது எழுபத்து மூன்று. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, ஈப்போ நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்.

அவரோடு பேசப் பொறுமை வேண்டும். “நேத்து பாசாருக்குப் போனேன்,” என்று சொல்லி நிறுத்துவார். நாம் காத்திருக்க வேண்டும். “கீரை வாடிப்போயிருந்துச்சு.” மறுபடி ஒரு நிறுத்தம். நீதிபதிகள் சாட்சியத்தைத் தம் கையால் எழுதிக்கொண்ட காலத்தில் பழகிய பழக்கம் இது. நீதிபதியின் பேனா ஓடி நிற்கும்வரை அடுத்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. பேனாவைப் பார்த்துப் பேசுவது என்று அதற்குப் பெயர். அந்த மேசைகளில் இப்போது ஒலிப்பதிவுக் கருவி வந்துவிட்டது. கனகராஜ் மட்டும் இன்னும் யாருடைய பேனாவுக்கோ காத்திருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அதனால், “நான் நாளைக்கு வந்து பைப்ப மாத்திடுறேன்,” என்று அவர் சொன்னால், குழாய் வேலைக்காரர் அப்படிச் சொன்னார் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவி புனிதாக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “கல்யாணமாயி ஒரு மாசந்தான் ஆவுது. சோறு போடுறேன், இவரு சொல்றாரு, ‘பாராங் கத்திய எடுத்தேன், மச்சான ஒரே வெட்டு.’ நான் எங்கம்மா வீட்டுக்கே ஓடிட்டேன் லா!”

கனகராஜ் சிரிக்க மாட்டார். “கோப்பெங் ஊர்க் கேசு அது,” என்று திருத்துவார். “ரெண்டு வெட்டு.”

அவர் பேச்சில் தினம் ஒரு முறையாவது வருகிறவர் நீதிபதி சிவானந்தன். ‘துவான்’, அதாவது ‘ஐயா’ என்பார், பெயரைச் சொல்ல மாட்டார். யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த நீதிபதிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். கூண்டில் நிற்பவர் சொல்வது நேராகக் காதில் விழும். இருந்தும் கனகராஜ் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை பேனா நகராது. “அதுதாம்மா முறை,” என்பார் என்னிடம். “தெரியும்னு காட்டிக்கிட்டா, எதிர்த் தரப்புக்காரனுக்குச் சந்தேகம் வரும். நமக்குத் தெரிஞ்சத நாமளே அடக்கி வைக்கணும். அப்பத்தான் நாற்காலிக்கு மரியாத.”

வெறுங்காலோடு வந்த பால்மரத் தொழிலாளி ஒருவரை அந்த நீதிபதி ‘மிஸ்டர் ராமையா’ என்று அழைத்த காலை நேரத்தைக் கனகராஜ் பலமுறை சொல்லியிருக்கிறார். மின்விசிறியின் கிறீச்சு, நீல மை, மேசைக்கு வரும் தேநீரை ஆறவிட்டே குடிக்கும் துவான். “தோட்டத்துல கணக்கெழுதுற கெராணி ‘டேய்’னுதான் கூப்புடுவான். மிஸ்டர் ராமையா! அந்த ஆளு பின்னாடி திரும்பிப் பாத்தாரு, வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு.” சட்டத்தின்மேல் கனகராஜுக்கு இருக்கும் பக்தி அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்திக்கு ஒரு சோதனை எண்பத்தாறாம் வருடம் வந்தது. அவர் பிறந்த தோட்டம் கைமாறியது. வாங்கியவர் லயத்து வீடுகளைக் காலி செய்யக் கேட்டு வழக்குப் போட்டார். இருபத்திரண்டு குடும்பம். வக்கீல் வைக்க வழியில்லை. அவர்களில் ஒருவர் கனகராஜின் அக்கா இருளாயி. இதைக் கனகராஜே, வழக்கைக் கேட்ட துவானிடம் சொன்னார். தமிழுக்கு அன்று வேறு ஆள் இல்லை. “உம்மால் முடியுமா?” என்று துவான் கேட்டார். “முடியும்,” என்றார் கனகராஜ். வீடுகளை விட்டு வெளியேற வேண்டும் என்ற தீர்ப்பைத் தன் அக்காவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் படித்தார். வெளியே மரத்தடியில் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, “இனி என்ன தம்பி செய்யிறது?” என்று கேட்டார்கள். அப்போது அவருக்குப் பத்து வருடச் சர்வீஸ். மொழிபெயர்ப்பாளர் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது என்பது விதி. “கோர்ட்டு சொன்னதச் சொல்லிட்டேன்,” என்று பதில் சொன்னார். அவர்கள் கூச்சல் போடாமல், கல்லெடுக்காமல் கலைந்துபோனார்கள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

“ஒரு வார்த்த கூட்டல, ஒரு வார்த்த கொறைக்கல,” என்பார். அவர் வாழ்க்கையில் மார் நிமிர்த்திச் சொல்லும் வாக்கியம் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்றபின் துவான் மாறிப்போனார். அரசாங்கத்தை எதிர்த்துப் பேரணிக்குப் போனார், லாரிமேல் ஏறிப் பேசினார். இளைஞர்கள் தோளில் தூக்காத குறை. போன வருடம் அவர் இறந்தபோது செய்தித்தாள்கள் போட்ட படத்தில் கறுப்பு அங்கி இல்லை, முஷ்டி இருந்தது. கனகராஜ் அந்தத் தாளை மடித்து வைக்கவும் இல்லை, மீனுக்கு விரிக்கவும் இல்லை. இரண்டு வாரம் நாற்காலிமேல் கிடந்தது.

கனகராஜின் மகள் பிரமிளா அந்த இளைஞர்களில் ஒருத்தி. பகலில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் தோட்டத்து மக்களின் வீட்டுரிமைக் குழு. சென்ற ஞாயிறு, வாங்கியிருந்த சட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது அப்பாவும் மகளும் மேசையின் இரு பக்கத்திலும் இருந்தார்கள். நடுவில் நெத்திலி. ஞாயிறுதோறும் மகன் காரில் கொண்டுவந்து விடும் இருளாயி பாட்டியம்மாவும் இருந்தார். எண்பத்தொரு வயதிலும் வெங்காயத்தைக் கண்ணீர் விடாமல் உரிப்பார்.

துவானுக்கு நினைவுக் கூட்டமாம். அவர் லாரிமேல் பேசிய கடைசிப் பேச்சைத் தமிழில் படிக்க வேண்டுமாம். “அன்னிக்குத் தீர்ப்பப் படிச்சது நீங்கதானே? இதையும் நீங்களே படிங்கப்பா.”

“மாட்டேன்.” நிறுத்தம். “துவான் நாற்காலியில உக்காந்து சொன்னத எதுவேணா படிக்கிறேன்.” நிறுத்தம். “ரோட்டுல சொன்னத எங்கிட்டக் கொண்டாராதே.”

“அவரு தப்ப ஒத்துக்கிட்டாரு லா! எத்தன பேரு ஒத்துக்குவான்?”

“தப்புன்னு தோணுனா உள்ள இருக்கறப்பவே சொல்லணும். கைதட்டுறவன் முன்னாடி சொன்னா அது பேச்சு. நாளைக்கு ஒவ்வொருத்தனும் எறங்கி வந்து, நான் எழுதுனது தப்புன்னு சொன்னா, எந்தத் தீர்ப்ப எவன் மதிப்பான்? இருபத்திரண்டு குடும்பம் மதிச்சுச்சும்மா. மதிச்சுத்தான் சட்டிபானையத் தூக்கிக்கிட்டு போச்சு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதியவரே கைவிட்ட தீர்ப்பை நம்பி வீட்டை விட்டவர்களுக்கு அதன்பின் எதுதான் மிச்சம்? பிரமிளாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டாள். “படிக்க வேணாம். கேட்டாவது பாருங்க. அத்தைக்கும் தெரியட்டும்.” கைத்தொலைபேசியைப் பார்த்துத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள்:

“அந்தத் தோட்டத்து மக்களை நான் வெளியேற்றியது தவறு. மேல்முறையீடு செய்ய அவர்களுக்குப் பதினான்கு நாள் இருந்தது. செய்திருந்தால் என் தீர்ப்பு நின்றிருக்காது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை.”

கனகராஜின் விரல்களுக்கிடையில் ஒரு நெத்திலி பிளந்தபடி நின்றது.

வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கிவிட்டு இருளாயி பாட்டியம்மா நிமிர்ந்தார். “யாருமில்லன்னா சொன்னாரு? தம்பி இருந்தானே.”

சமையலறையில் புனிதாக்கா குழாயை மூடினார்.

“பதினாலு நாளு இருக்குன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா தம்பி?” கோபமில்லை, மருந்து எத்தனை வேளை என்று கேட்கிற குரல். “மரத்தடியில நாங்கல்லாம் ஒன்னையத்தானே கேட்டோம்?”

தம்பியின் பதிலுக்காக இருளாயி பாட்டியம்மா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவருடைய வழக்கமான நிறுத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது முடியவில்லை.

கனகராஜ் விரல்களைத் தாளின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். வாசற்படிவரை போய், நின்று, திரும்பினார். கோர்ட்டை விட்டு வெளியேறுகிறவர்கள் நீதிபதியின் மேடையை நோக்கிச் செய்வார்களே, அதுபோல, கைகளை உடம்போடு ஒட்டவைத்து, அக்காவை நோக்கித் தலையைத் தாழ்த்தினார். பிறகு வெளியே போனார்.