மகள் பாதியில் விட்ட ஜீப்

பிரான்சுக்கு வேலைக்குப் போகும்போது என் மகள் தன் ஜீப்பை எங்கள் வாசலில் நான்கு கருங்கல் மேல் நிறுத்திவிட்டுப் போனாள். முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் இரண்டையும் கழற்ற ஆரம்பித்து, ஒன்றைத்தான் கழற்றியிருந்தாள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை எடுத்துவிட்டு, அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தாள். அதற்குள் விசா வந்துவிட்டது.

"லீவுல வந்து முடிச்சுடறேம்மா. யாரையும் தொட வுடாத."

என்னைவிட வயதில் மூத்த வண்டி அது. ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்த கையோடு காயலான் கடையில் பார்த்து, பிடிவாதமாக வாங்கி வந்தாள். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வேலைக்குப் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதன் அடியில்தான் கிடப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் ஒன்று ஆடும். வருகிறேன் என்று அர்த்தம்.

முதல் வருஷ லீவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. ஒரு நாள் போனில், "அந்த ஜீப்ப வித்துடும்மா. இரும்புக்காவது எடுத்துப்பாங்க. உனக்கும் வாசல் கூட்ட இடைஞ்சல்" என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டியை விற்கச் சொல்கிறாள் என்றால் இனி வந்து அதன் அடியில் படுக்கப்போவதில்லை என்றுதானே பொருள்?

மறுநாள் தவளக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். மில்லில் என்னோடு வேலை பார்த்தவளின் தம்பி அங்கே கடலூர் ரோட்டில் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். பழைய ஜீப், பாதியில் நிற்கிறது, முடித்துத் தரவேண்டும் என்றதும் வந்துவிட்டார். குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது ரெண்டு ஆளு வேலை, அக்கா. என்கிட்ட ஆளு கெடையாது."

"நான் ஆளு இல்லியா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

சாமானெல்லாம் அவள் வாங்கித்தான் வைத்திருந்தாள். புது ஸ்பிரிங்குகள் அவள் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தன. ரப்பர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில். மூடிமேல் அவள் கையெழுத்தில் 'இன்ஜின் மவுண்டிங், புதுசு' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அறையைக் கூட்டும்போதெல்லாம் அவற்றை நகர்த்தி நகர்த்தி வைத்தவள் நான். டப்பாவை அவர் கையில் கொடுக்கும்போது சீட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த பழைய ஸ்பிரிங்கின் போல்ட் துருவேறி அசையவில்லை. டீசல் ஊற்றி ஊற வைத்தோம். மறுநாள் காலையில் நாலு தட்டுத் தட்டியதும் வந்தது. புது ஸ்பிரிங் ஒவ்வொன்றும் இருபது கிலோவாவது இருக்கும். அவர் அடியில் படுத்துக்கொண்டார். நான் கடப்பாரையால் நெம்பி ஓட்டையோடு ஓட்டையைச் சேர்த்தேன்.

"வுட்டுடாதீங்கக்கா!"

"வுடல. நீ போடு."

போல்ட் உள்ளே போன சத்தம் கேட்ட பிறகுதான் கடப்பாரையை விட்டேன்.

மூன்றாம் நாள் இன்ஜின். மூன்று கால் கம்பி நட்டு, செயின் பிளாக் சங்கிலியில் இன்ஜினைத் தூக்கி, மரக்கட்டையை உருவினோம். ரப்பர்களை வைத்து இன்ஜினை மெல்ல இறக்கினார். பாதி இறங்கும்போதே ஸ்பேனரை எடுத்தார்.

"இரு தம்பி, இப்ப முறுக்காத. பாரம் முழுசா உக்காரட்டும். அப்பறம் முறுக்கு."

"பொண்ணு சொல்லிக் குடுத்துச்சா?"

"நான் சொல்லித்தான் அதுக்குத் தெரியும்" என்றேன். பத்தொன்பது வருஷம் மில்லில் நின்றவள். மெஷின் சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளங்காலிலேயே தெரிந்துவிடும்.

கல்லை எடுத்துச் சக்கரங்களைத் தரையில் இறக்கியபோது, முன்பக்கம் முன்னைவிட நாலு விரல் உயர்ந்து நின்றது. பகல் பதினொன்றரைக்கு வண்டி கிளம்பியது. உடனே அவளுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை, வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். போனை ஜீப்பின் பக்கம் திருப்பினேன். அவள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தாள்.

"ஸ்பிரிங் போல்ட்ட, வண்டி தரையில எறங்கின பிறகுதான டைட் பண்ணீங்க?"

"ஆமா."

"எதுக்கும்மா இத்தப் பண்ண? விக்கத்தான சொன்னேன்."

'நீ வருவாய் என்றுதான்' என்று நாக்கு வரை வந்தது. "நின்னுனே இருந்துச்சு, பாக்க நல்லால்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "வருஷக் கடைசில வரப் பாக்கறேம்மா" என்றாள்.

வரவில்லை. வீடு மாற்றினாள், லீவு அதிலேயே தீர்ந்துவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் பண்ண மட்டும் மெக்கானிக் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வண்டி நின்றே கெட்டுவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளப்புகிறேன். அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் மாதம் இரண்டு தடவை, அதுவும் அவசர அவசரமாகப் பேசுவாள்.

"கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடும்மா" என்பாள். கொடுப்பேன். கண்ணை மூடிக் கேட்பாள். அந்த நேரத்தில்தான் அவள் முகத்தை நான் நன்றாகப் பார்க்க முடிகிறது. இளைத்துவிட்டாள். பின்னால் ஜன்னலில் எப்போதும் மழை மூட்டம் போட்டது போல ஒரு வெளிச்சம்.

இன்ஜினை அணைத்தால், "சரிம்மா, வெச்சுடறேன்" என்பாள். பத்து நிமிஷம் ஓடினால் போதும் என்றுதான் மெக்கானிக் சொன்னார். நான் அரைமணி நேரம் ஓட விடுகிறேன். பெட்ரோல் வீணாகிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்கிறார்.