இருபத்துநான்கு நாள் மாற்றுப்பாதை

டிப்போவில் அவருக்கு மெதுவக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டுகிறார். ஏறுகிறவரின் கால் படியில் இருக்கும்போது ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை. அதனால் வந்த பெயர்.

பெரிய விளையாட்டுப் போட்டி வருகிறது என்று நகரமே சுவருக்குச் சுவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் கைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. விளையாட்டரங்கத்துக்கு முன்னால் போகும் சாலை இருபத்துநான்கு நாட்களுக்கு வீரர்களின் வண்டிகளுக்கு மட்டும். ஒன்பதாம் எண், பழைய அச்சகத்தின் பின்தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். யாருக்கும் லீவு கிடையாது.

"விளையாடப்போறது அவங்க, வேர்க்கப்போறது நமக்கு" என்று வீட்டில் புலம்பினார்.

தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கணவர் சொன்னார்: "உன் வேகத்துக்குப் பெரிய ரோடு எதுக்கு? அந்தச் சந்தே போதும்."

முதல் இரண்டு நாளும் படாத பாடு. நாற்பது நிமிடப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஆபீசுக்குப் போகிறவர்கள் எல்லோரும் போட்டியைத் திட்டுவதற்குப் பதிலாக அக்காவைத் திட்டினார்கள். மாலையில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

அதற்கு முன் பின்தெருவில் பேருந்து நுழைந்ததே இல்லை. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி ஒரு கம்பியை நட்டு, அதைத் தற்காலிக நிறுத்தம் என்றார்கள். மூன்றாம் நாள் அந்தக் கம்பிக்கு நேர் எதிரே ஒரு கதவு திறந்தது. நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றார், பின்னால் அவர் மனைவி.

"இது எதுவரைக்கும் போகுது?"

"ஏரி வரைக்கும் போகுதுங்கய்யா."

பெரியவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். மேடேறி பெரிய சாலை நிறுத்தத்துக்குப் போக முடியாமல் வீட்டோடு கிடந்தவர்.

மறுநாள் இருவரும் இஸ்திரி போட்ட துணியில் தயாராக நின்றார்கள். அவர் ஏறி உட்கார நாலு நிமிடம் ஆனது.

"எடுங்கக்கா, நேரமாகுது" என்றார் பின்சீட்டுக்காரர்.

"மெதுவக்கான்னு பேர் வெச்சுட்டாங்க. அதைக் காப்பாத்த வேண்டாமா?"

பேருந்தே சிரித்தது. நாலைந்து நாள் கழித்து அதே பின்சீட்டுக்காரர் எழுந்துவந்து பெரியவருக்குக் கை கொடுத்தார்.

தினமும் ஏரிவரை போவார்கள், பத்து நிமிடம் காற்றில் உட்காருவார்கள், அதே வண்டியில் திரும்புவார்கள். அரங்கத்திலிருந்து கூச்சல் கேட்டால் பெரியவர் "யார் ஜெயிச்சது?" என்பார். அவர் மனைவி வாய்க்கு வந்த நாட்டின் பெயரைச் சொல்லிவைப்பார்.

ஒருநாள் ஏரிக்கரையில் அந்த அம்மா அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இத்தனை மாசமா என்கிட்டகூட சரியா பேசல. நேத்து டிக்கெட்டைக் கேட்ட செக்கர்கிட்ட சண்டை போட்டாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

கடைசி நாள் வந்தது. பெரியவர் இறங்கும்போது அக்கா இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நாளையிலேருந்து பழைய வழிதாங்கய்யா."

"ரோடு திறந்தாச்சா? நல்லது" என்றார் அவர். "உனக்கு முதுகு வலி குறையும்."

வலியைப் பற்றி அக்கா அவரிடம் மூச்சுவிட்டதில்லை.

மறுநாள் வண்டி சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் திட்டவில்லை. வீட்டில் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தத் தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கணவர். "போய் மேனேஜரைக் கேளு."

மேனேஜர் நல்ல மனிதர்தான். "போட்டிக்காகத் திருப்பிவிட்டது அக்கா. போட்டி முடிஞ்சுடுச்சே."

"தெருவுல ஆளுங்க இருக்காங்களே சார்."

அவர் பேனாவை மூடினார். "தெருக்காரங்க எழுதிக் கொடுக்கட்டும். நான் மேலே அனுப்புறேன்."

வார விடுமுறையில் அக்காவும் கணவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அறுபத்தொரு கையெழுத்து சேர்ந்தது. பெரியவர் இடது கையால்தான் போட முடிந்தது. கோடு கோணலாக ஓடியது. வேறு தாளில் இன்னொரு தரம் போடுகிறேன் என்று அடம்பிடித்தார்.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. பின்தெரு வழியாக ஏரிவரை காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, ஒரு சிறிய பேருந்து. ஓட்ட வேறு ஆளைப் போட்டார்கள். அக்காவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த விடுமுறையில் பயணியாக ஏறினார். முன்சீட்டில் பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நடைச்சட்டத்துக்குப் பதில் கையில் ஒரு தடி. அக்காவைப் பார்த்ததும் பெரியவர் எழப்போனார். அக்கா தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

இரண்டாவது நிறுத்தத்தில், சலூனுக்கு எதிரே, பெரியவர் தடியை ஊன்றி இறங்கினார். அவர் மனைவி இருக்கையைவிட்டு அசையவில்லை.

"நீங்க இறங்கலையாம்மா?"

"அவர் முடி வெட்டிக்கப் போறாரு. நான் எதுக்கு?" என்ற அந்த அம்மா ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "உட்காரு. ஏரிவரைக்கும் போயிட்டு வரலாம்."