கொம்பு காட்டிய பிணம்

நேப்பிள்ஸில் முற்றம் முற்றமாகப் போய், மெத்தையைப் பிரித்துக் கம்பளி உதறித் தைத்துக் கொடுப்பவர் லிபோரியோ. தூசிக்குத் தும்முவார்களே தவிர, நாற்பத்தாறு வயதுவரை அவர் முகத்தை யாரும் நின்று பார்த்ததில்லை. முதலில் பார்த்தது, ஊரார் மரியாதையாகத் 'தோன்னா' என்றழைக்கும் எர்சிலியாதான். தெருவில் போகிற ஆட்களையே பிடித்து நடிக்கவைத்துப் பேசாப்படம் எடுக்கும் அம்மாள் அவர்.

"சாகிறதுக்குன்னே செஞ்ச முகம்ய்யா உனக்கு," என்றார். மனைவியின் துரோகத்தால் மனமுடைந்து சாகும் கணவன் வேடம். சவப்பெட்டியில் படுத்தால் போதும், ஊரே பார்க்கும். லிபோரியோ அங்கேயே தலையாட்டிவிட்டார்.

அவர் மனைவி நுன்சியாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "உசிரோட பெட்டியில படுத்தா நெசமாவே வந்துரும். கறுப்புத் துணிக்கு நான் எங்க போவேன்?"

"கறுப்பு உனக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

"வாயப் பாரு, பொணத்துக்கு."

பெட்டி தச்சரிடம் இரவல் வாங்கியது. அதற்கு உரிய நிஜப் பிணத்தின் வீட்டார் பதினொரு மணிக்கு எடுக்க வந்துவிடுவார்கள். ஒரே தடவைதான் எடுக்க முடியும். லிபோரியோ தன் வீட்டு முற்றத்திலேயே பெட்டிக்குள் படுத்து, மார்பில் கைவைத்துக் கண்ணை மூடினார். துரோகியாக நடித்தவள் மேலே விழுந்து அழுதாள். கேமரா ஓடியது. பேசாப்படம்தானே என்று மாடியிலிருந்து நுன்சியாத்தா கத்தினாள்: "ஏய்யா, சவவண்டி காலியா வருது."

காலி வண்டி ஆள் தேடித்தானே வரும். பிணத்தின் கையில் நடுவில் உள்ள விரல்கள் இரண்டும் மடங்கின. சுட்டுவிரலும் சுண்டுவிரலும், சாவும் கண்ணேறும் அண்டாமலிருக்க அந்த ஊரார் காட்டும் கொம்பாக நிமிர்ந்தன.

"கெடுத்தியேய்யா," என்றார் எர்சிலியா. "இந்தக் காட்சிய வெட்டித்தான் போடணும்."

"கைய மட்டும் வெட்டிருங்கம்மா. முகத்த விட்டுருங்க."

எர்சிலியா கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிறு மதியம் கொட்டகையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த லிபோரியோவுக்கு, தான் படத்தில் இருக்கிறோமா என்றே தெரியாது. பெட்டி வந்தது. முகம் வந்தது. விரல்களும் நிமிர்ந்தன. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

உடனே திரையில் எழுத்து வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தார்: "செத்த பிறகும் அவள் கண்ணுக்கு அஞ்சினான்."

சிரித்தவன் அடங்கினான். ஆண்கள் அத்தனை பேரும் திரையில் நின்ற துரோகியை நோக்கிக் கொம்பு காட்டினார்கள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நுன்சியாத்தா தேம்பித் தேம்பி அழுதாள்.

லிபோரியோ அவளை இடித்தார். "எதுக்குடி அழுவுற? நான் இங்கதானே இருக்கேன்."

"நீ சும்மா இருய்யா. செத்தவரு எவ்வளவு நல்ல மனுஷன்."