நாலுகால் லிஃப்டுக்குக் கீழே

அந்த லிஃப்டை வாங்க ஓரின் ஹவ்கன் தன் மனைவியிடம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் படமே போட்டுக் காட்டினான். நாலு மூலைக்கு நாலு இரும்புக் கால். வண்டி ஏறி நிற்க நடுவில் நீளவாக்கில் இரண்டு இரும்புப் பலகை.

"மேல என்னோட பழைய ஓல்ட்ஸ்மொபைல். கீழ உன் வண்டி. இனிமே விடியக்காலைல நீ ஐஸ் சுரண்டவே வேண்டாம், லவோன்."

லவோனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. ஏழு மணிக்கெல்லாம் இருநூற்று முப்பது பிள்ளைகளுக்குக் காலை உணவு தயாராக வேண்டும் என்றால், அவள் ஐந்துக்குக் கால்மணி முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். வடக்கு மினசோட்டாவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த நேரத்தில் வெளியே நிறுத்திய வண்டியை எடுப்பது என்பது லேசுப்பட்ட காரியமா? மேலே கிடக்கும் பனியைத் தள்ளணும், எஞ்சின் உறையாமலிருக்கச் சொருகிய ஹீட்டர் வயரைப் பிடுங்கணும், கண்ணாடியில் கல்லாக இறுகிய ஐஸைச் சுரண்டணும். இருபது நிமிஷம். அதற்குள் இமைமயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவர்கள் கராஜில் ஒரு வண்டிக்குத்தான் இடம், அந்த இடத்தில் ஓரினின் பழைய வண்டி போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். ஆகவே லவோன் அந்தப் பென்சில் படத்தை நம்பினாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

லிஃப்ட் வந்தது. ஐந்து பேர் சேர்ந்து இரண்டு நாளில் நிறுத்தினார்கள். ஓல்ட்ஸ்மொபைல் மேலே போயிற்று. லவோனின் வண்டி அதற்குக் கீழே நின்றது, ஒரே ஒரு ராத்திரி.

மறுநாள் காலை ஒரு கையில் காபியோடு ராணி மாதிரி போய் உட்கார்ந்தாள். கராஜ் கதவு மேலே போனது, வெளியே வந்தாள், தெரு முனையில் பார்த்தால் முன்கண்ணாடியில் தவிட்டு நிறத்தில் ஏதோ வழிகிறது. வைப்பரைப் போட்டாள். அவ்வளவுதான், கண்ணாடி முழுக்க எண்ணெய் அப்பிக்கொண்டது. பூஜ்யத்துக்குக் கீழே இருபதில், ஆறு மைல், பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினாள். பள்ளிக்கூடத்துக்குப் போனபோது நெற்றியில் உணர்ச்சியே இல்லை.

"ஐயோ, மன்னிச்சுக்கோ" என்றான் ஓரின் அன்று சாயங்காலம். நிஜமாகவே மனசு சங்கடப்பட்டான். "பழசு இல்லியா, கொஞ்சம் ஒழுகும். ரெண்டு பலகைக்கும் நடுவுல தகரத்தட்டு ஒண்ணு போட்டுடறேன். ஒரு வாரம் மட்டும் வெளிய நிறுத்திக்கோ."

"பரவால்ல" என்றாள் லவோன்.

அந்த ஒரு வாரம் பதினொரு குளிர்காலம் நீண்டது.

ஓரினைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டை அவன் நாலே நாளில் செய்து முடித்தான். ஆனால் தட்டை இழுக்கவும் தள்ளவும் தோதாகப் பலகைகளின் உட்பக்கம் தண்டவாளம் மாதிரி இரும்புக்கோணம் அடித்தான் பாருங்கள், அதில்தான் வந்தது வினை. தட்டு ஓடுகிற தடத்தில் ஜாக்கியையும் ஓடவிடலாமே என்று தோன்றிவிட்டது. நாலுகால் லிஃப்டில் வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றால் வண்டியை இன்னும் ஒரு சாண் தூக்க ஒரு ஜாக்கி வேண்டும். அதைச் செய்ய இரண்டு மாதம். அதுவரை லிஃப்ட் இடுப்பு உயரத்தில் நின்றது. லவோனின் வண்டி வெளியே நின்றது.

அடுத்த வருஷம் அவன் வேலை பார்த்த காகித ஆலையை இழுத்து மூடினார்கள். நாள் முழுக்கப் பொழுது. ஜாக்கி இருக்கிற செய்தி ஊரில் பரவியது.

அந்த ஊரில் யாரும் எதையும் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். அது அங்கே மரியாதைக் குறைவு. மூன்று வீடு தள்ளி இருக்கிற மெர்ல் டோலஃப்ஸன் வருவான், இரண்டு கையும் சட்டைப் பைக்குள், கண் வானத்தில்.

"இந்த வருஷம் பனி ஜாஸ்திதான்."

"ஆமா" என்பான் ஓரின்.

"என் வண்டி அடியில கடகடன்னு ஒரு சத்தம்."

"அப்படியா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. அதுபாட்டுக்குக் கெடக்கும். உனக்கு ஏன் தொந்தரவு."

"இதுல என்ன தொந்தரவு, கொண்டாப்பா."

வண்டி மேலே ஏறும். மூன்று நாள் இறங்காது. காசு கொடுத்தால் அவமானம் என்பதால் மான் இறைச்சி வரும், ஏரியில் பிடித்த மீன் வரும், சுரைக்காய் போட்ட ரொட்டி வரும். லவோனின் ஃப்ரீஸரைத் திறந்தால் ஊரார் சுட்ட மான்தான் முட்டும். பள்ளிக்கூடத்தில் இருநூற்று முப்பது பேருக்கு ஆக்கிக் கொட்டிவிட்டு வந்து அதையும் சமைப்பது யார்? அவள்தான். கராஜில் நிற்கிற ஆட்களுக்குக் காபி போடுவதும் அவள்தான்.

மெர்லின் வண்டியை ஒருநாள் தூக்கும்போது அதன் கூரை, மேலே மடிந்திருந்த கராஜ் கதவில் இடித்தது. உடனே கதவின் தடத்தைக் கூரையோடு ஒட்டி உயர்த்தினான் ஓரின், மோட்டாரைக் கழற்றிப் பக்கச்சுவரில் மாட்டினான். ஒரு மாதம் கதவே இல்லை, தார்ப்பாய்தான். தாழ்வான வண்டிகளின் வயிறு ஏறும்போது உரசியது. வண்டி ஏறுகிற சரிவை நீட்ட மரத்தில் இரண்டு பெரிய ஆப்பு செய்தான். வேலை இல்லாத நேரத்தில் அவற்றைக் கீழே வைப்பான், எங்கே? லவோன் வண்டி நிற்க வேண்டிய இடத்தில். நாலு காலிலும் ஒவ்வொரு பூட்டு, நாலையும் ஒரே கைப்பிடியில் இழுத்து விடுவிக்க ஒரு ஏற்பாடு. பலகைக்கு அடியில் வரிசையாக விளக்கு. காற்றுக்குழாய்க்கு ஒரு காலில் வளையம். எல்லாருடைய மண்டையும் பலகை முனையில் இடிபட்டதால், நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு மிதக்கிற ரப்பர்க் குழாயை வாங்கி, கீறி, முனைகளில் மாட்டினான். ரோஸ் ஒன்று, பச்சை மூன்று.

ஒவ்வொன்றும் உபயோகமான வேலைதான். ஒவ்வொன்றும் இன்னும் நாலு வண்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

லவோன் கேட்டாளா? அவளுக்குத் தெரிந்த விதத்தில் கேட்டாள்.

"இன்னிக்குக் காலைல பூஜ்யத்துக்குக் கீழ முப்பதாம்ல."

"ஆமா, ரேடியோல சொன்னான். ஹீட்டர் வயரைச் சொருகியிருந்தியா?"

"சொருகியிருந்தேன்."

"நல்லதாப் போச்சு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள் என்று அவள் நினைத்தாள். வேறு ஏதாவது வேண்டும் என்றால் சொல்ல மாட்டாளா என்று அவன் நினைத்தான். இரண்டு பேரும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

எட்டாவது குளிர்காலத்தில் விழுந்தாள். கண்ணாடியின் அந்தக் கோடிக்கு எட்டிச் சுரண்டும்போது கால் வழுக்கி, மணிக்கட்டில் விரிசல். இடது கையாலேயே ஓட்டிப் போய், இடது கையாலேயே கஞ்சி கிண்டினாள். சாயங்காலம் கட்டோடு வந்தவளைப் பார்த்து ஓரினுக்கு முகமே மாறிவிட்டது. சாப்பிடக்கூடச் செய்யாமல் கராஜுக்குள் போனவன் இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். கையில் ஒரு சுரண்டி. நீளமான அலுமினியக் கைப்பிடி, நுனியில் பித்தளைத் தகடு, பிடிக்கிற இடத்தில் ரப்பர்.

"இனிமே எட்ட வேண்டாம் பாரு. நின்ன எடத்துலயே சுரண்டலாம்."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"நீ வாயைத் தொறந்து சொன்னியாடி?" என்று பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை பார்க்கிற பெர்னடீன் கேட்டாள். பெர்னடீன் சிகாகோக்காரி, கல்யாணம் ஆகி அந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் திருந்தாதவள்.

"அவனுக்குத் தெரியும்."

"ஆம்பளைக்கு என்னடி தெரியும்? 'என் வண்டியை உள்ள விடு'. நாலு வார்த்தை. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

"லிஃப்ட்ல மெர்லோட வண்டி நிக்குது. பாவம், அவன் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல."

"உனக்கு?"

லவோன் தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். அறுபது தாண்டியபிறகு அவளுக்குக் காலையில் எழுந்திருப்பதே ஒரு பெரிய யோசனையாக இருந்தது. படுக்கையில் கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்த இருபது நிமிஷம்தான். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளின் பெயர் எல்லாம் தெரியும், யார் வீட்டில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதும் தெரியும். அந்த இருபது நிமிஷம் மட்டும் இல்லாவிட்டால் எழுபது வயது வரை வேலை பார்ப்பேன் என்று பெர்னடீனிடம் சொல்லியிருக்கிறாள். ஓரினிடம் சொன்னதில்லை.

பதினோராவது வருஷம் அக்டோபர் கடைசியில், மளிகைக்கடையில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஓரினை பெர்னடீன் மடக்கினாள். இது லவோனுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

"ஊர் வண்டியெல்லாம் உங்க லிஃப்ட்ல ஏறுது. உங்க பொண்டாட்டி வெளிய நின்னு சுரண்டறா. உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

ஓரின் காது வரைக்கும் சிவந்துபோனான். "அவ ஒண்ணுமே சொல்லலியே."

"சொன்னாத்தானா?"

பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தான். அன்றைக்கே மெர்லின் வண்டியை இறக்கி, இனிமேல் யார் வண்டியும் ஏறாது என்று சொல்லிவிட்டான். ஓரின் வாயிலிருந்து 'முடியாது' என்ற வார்த்தையை மெர்ல் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதோடு விட்டிருந்தால்? மர ஆப்புகளை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, உள்ளே நிறுத்திக்கோ என்று சொல்ல அரைமணி நேரம் போதும். ஆனால் அது ஓரின் இல்லையே. பதினொரு வருஷப் பாக்கி, அதைச் சும்மா காலி இடமாகவா கொடுப்பது? கராஜைப் பூட்டினான். உள்ளே துளைபோடுகிற சத்தமும் அறுக்கிற சத்தமும் கேட்டபடி இருந்தது. யாருக்கோ ஏதோ செய்கிறான் என்று லவோன் நினைத்தாள். அந்தக் கதவுக்கு வெளியே ஒவ்வொரு நாள் காலையும் பித்தளைச் சுரண்டியோடு நின்றாள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "கிறிஸ்மஸோட கிச்சனை மூடறாங்களாம். பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆக்கி லாரில அனுப்புவாங்களாம்."

ஓரின் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான். "கடைசி நாள் எப்போ?"

"லீவு விடற வெள்ளிக்கிழமை."

அவன் மனதுக்குள் நாள் எண்ணினான். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தான். வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பெரிய அட்டையில் எல்லோரும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். பெர்னடீன் அழுதாள், லவோன் அழவில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஓரின் வாசல் பாதையில் நின்றுகொண்டிருந்தான், பக்கத்தில் மெர்ல். அவள் வண்டியை விட்டு இறங்கினாள். ஓரின் கையிலிருந்த பொத்தானை அமுக்கினான். கதவு சத்தமே இல்லாமல் மேலே போனது.

ஓல்ட்ஸ்மொபைல் உச்சியில் இருந்தது. கீழே காலி. தரைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட்.

ஓரின் ஒவ்வொன்றாகக் காட்டினான். "தட்டை முழு அகலத்துக்கும் போட்டுட்டேன், ஒரு சொட்டு விழாது. இது ரப்பர் விரிப்பு, பனி உருகினா தண்ணி ஓரமா ஓடிரும். சக்கரம் இந்தக் கட்டையில முட்டினா நீ சரியான எடத்துல நிக்கறேன்னு அர்த்தம். நீ எறங்கற பக்கத்துக் காலை வெளிப்பக்கம் நகத்திட்டேன், அதுக்கு மறுபடியும் தரையைத் துளைக்கணும், அதுதான் லேட்டாச்சு. மெத்தையும் சுத்தியிருக்கேன், கதவு இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. வண்டி உள்ள வந்தா வெளக்கு தானா எரியும்." மூச்சு வாங்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. "இனிமே நீ வெளியவே நிக்க வேண்டாம், லவோன். காலைல நேரா ஏறி உக்காந்து போய்ட்டே இருக்கலாம்."

"எங்க?" என்றாள் லவோன்.

"என்ன எங்க?"

"காலைல ஏறி உக்காந்து எங்க போறது, ஓரின்?"

மெர்ல் வானத்தைப் பார்த்தான்.

"எனக்கு இந்த எடம் வேணும்னு இருந்துது" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "பதினொரு வருஷமா, தெனமும். வாயைத் தொறந்து கேக்கல, அது என் தப்பு. ஆனா நீ ஒரு தடவை ஜன்னல் வழியாப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சேன். அக்டோபர்லயே. சரியாச் செஞ்சு கொடுக்கணும்னுதான்..."

"அக்டோபர்லயேவா?"

"ஆமா."

"அப்போ இந்த ஏழு வாரமும் உனக்குத் தெரியும்."

மெர்ல் மெதுவாக நழுவி வீட்டைப் பார்க்க நடந்தான். போகும்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னவோ முணுமுணுத்தான், காதில் விழவில்லை.

பனி மறுபடி விழ ஆரம்பித்தது. அவள் வண்டியில் ஏறி மெதுவாக உள்ளே விட்டாள். சக்கரம் கட்டையில் முட்டியது. விளக்கு தானாக எரிந்தது. எஞ்சினை அணைத்தாள். உள்ளே குளிரே இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பனி, யாரும் தொடாமலே, தானாக உருகி வழிந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். ரொம்பக் களைப்பாக இருந்தது.

ஓரின் பக்கவாட்டில் ஒண்டியபடி வந்தான். குனிந்து, விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினான்.

"கதவு தொறக்க எடம் போதுதா?"

தாராளமாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். ஆனால் இறங்கவில்லை.