ஊற்றைச் சுற்றிப் போட்ட முள்

சத்தியவேட்டுக்கு மேற்கே, காட்டுப் பாதையின் குறுக்கே ஒரு ஓடை வருகிறது. தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். காலையில் திருப்பதியிலிருந்து கிளம்பிய ஜீப் கிளப்பின் ஆறு வண்டிகளும் கரையில் நிற்கின்றன. கடைசி வண்டியை என் மச்சான் ஓட்டுகிறார். பக்கத்தில் நான், கையில் வாக்கி டாக்கியோடு.

மணல் நடுவில் வட்டமாக முள் போட்டிருப்பது எனக்குத் தெரிகிறது. குடிக்கத் தோண்டிய ஊற்றை மாடு மிதிக்காமலிருக்க எங்கள் ஊரிலும் இப்படித்தான் அடைப்பார்கள். சொல்ல வேண்டும். ஆனால் பொத்தானை அழுத்தினால் ஆறு வண்டியிலும் என் குரல் கேட்கும். கூச்சத்தில் விரல் நகரவில்லை. முதல் வண்டி முள்ளின் மேல் ஏறிப் போகிறது. மற்றவையும் அதே தடத்தில் போகின்றன. கடைசியாக நாங்களும்.

அக்கரையில் ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு நிற்கிறார். மச்சான் வண்டியை நிறுத்துகிறார்.

“முள்ளு போட்டு வச்சிக்கீறேனே, ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?”

“நான் பாத்தேம்மா” என்கிறேன்.

“பாத்துட்டுதான் வந்தியாண்ணா?” அவர் குரல் உயரவில்லை. “ஊர்ல போர் தண்ணி ஒரே உப்பு. இத்த மறுபடி தோண்டி, தெளியறதுக்கு நாளைக்கு ஆயிடும். இன்னிக்கு இன்னாத்த குடிக்கிறது?”

மச்சான் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். அவர் வாங்காமல் ஓடையில் இறங்கி, டயர் தடத்தில் உட்கார்ந்து கையால் மணலை அள்ளுகிறார்.

கடைசி வண்டியில் எல்லாம் சரியா என்று வாக்கி டாக்கியில் கேட்கிறார்கள்.

இப்போது பொத்தானை அழுத்திவிடுகிறேன். “ஓகே” என்கிறேன்.