கருப்பசாமி எடை குறைக்கிறார்

கராஜின் குறுக்குக் கம்பியில் லக்கேஜ் தராசைக் கட்டி, அதன் கொக்கியில் துப்பாக்கியைத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார் கருப்பசாமி. தராசின் எண்கள் ஆடி அடங்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டிகளை எடை பார்க்க வாங்கிய தராசு. டெக்சஸின் இந்தக் காப்பெல் ஊரில் தமிழ் வீடு என்றால் அப்படி ஒன்று இல்லாமல் இருக்காது. எண் நின்றதும் எட்டிப் பார்க்கிறார். முகம் சுருங்குகிறது.

"காலையில ரெண்டு கிலோ எழுநூறு காட்டுச்சு. இப்ப எழுநூத்து அம்பதுங்குது. ஒண்ணுமே சேக்கல அண்ணாச்சி. கொழப்பமா இருக்கு."

அவர் வீட்டுக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. வயதில் மூத்தவன் என்பதால் எனக்கு அண்ணாச்சிப் பட்டம். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கராஜ் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அன்று ஒரு மணி நேரத்தில் 'கொழப்பமா இருக்கு' என்பதைப் பதினோரு தடவை சொன்னார். எண்ணியவன் நான்தான். வேறு வேலை?

கோவில்பட்டிக்காரர். வயது ஐம்பத்து மூன்று. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை. பதினெட்டு வருடமாக அதைச் செய்துவிட்டு, தான் செய்வதிலும் ஓட்டை இருந்துகொண்டேதான் இருக்கும் என்று முழு மனதாக நம்புகிறார். அரை டிராயர், ஆபீஸ் டிஷர்ட், காதில் பென்சில். மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, துப்பாக்கியின் ஒவ்வொரு உறுப்புக்கும் எத்தனை கிராம் என்று எக்ஸெல்லில் எழுதி வைத்திருக்கிறார். பின்கட்டை, குறி பார்க்கும் ஸ்கோப், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம், தோள் வார், வாரை மாட்டும் கொக்கி, அந்தக் கொக்கியின் திருகாணி வரைக்கும் உண்டு.

எதற்கு இதெல்லாம் என்றால், அக்டோபரில் வையோமிங் மலைக்கு மான் வேட்டைக்குப் போகிறார். அங்கே ஏற்றமும் வெட்டவெளியும்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் துப்பாக்கி லேசாக இருக்க வேண்டும். இது வரைக்கும் எனக்கும் புரிந்தது.

நாம் பெட்டி கட்டுவது எப்படி? மூடுவோம், எடை போடுவோம், இருபத்து மூன்று கிலோவைத் தாண்டினால் திறந்து எதையாவது எடுத்து வெளியே வைப்போம். ஏர்போர்ட் கௌன்டரில் அவமானப்படாமல் இருக்க நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை. கருப்பசாமி துப்பாக்கியையும் அப்படித்தான் கட்டினார். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு கார்பன் ஃபைபர் கட்டை மாட்டினார். பெரிய ஸ்கோப்புக்குப் பதில் சின்ன ஸ்கோப். தோளில் படும் இடத்தில் இருந்த தடி ரப்பர் மெத்தையை எடுத்துவிட்டு, செருப்பு வார் கனத்துக்கு ஏதோ ஒன்றை ஒட்டினார். கழற்றியதையெல்லாம் காலித் தயிர் டப்பாக்களில் போட்டு, மேலே டேப் ஒட்டி, எடை எழுதி வைத்தார்.

"பாருங்கண்ணே, ஒரு ஸ்க்ரூவக் கழட்டுவார். கிச்சன் ஸ்கேல எடுத்துட்டு ஓடுவார். ஏழு கிராம் கொறஞ்சிருச்சுன்னு என்கிட்ட வந்து நிப்பார். நான் என்னத்தச் சொல்ல? கங்கிராஜுலேஷன்ஸ்னு சொல்லணுமா?" என்றார் கலாவதி, அவர் மனைவி. டேகேரில் இருபது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிறவர். துப்பாக்கி வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதற்காகவே கராஜில் ஓர் இரும்புப் பெட்டகம்.

ஒரு நாள் நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஏம்பா, துப்பாக்கியில ஏழு கிராம் கொறைக்கிறதுக்கு உன் வயித்துல ரெண்டு கிலோ கொறைச்சா ஆகாதா?" என்றேன்.

கோபப்படவில்லை. யோசித்தார். "அதையும் ட்ரை பண்ணிட்டேன் அண்ணாச்சி. ஸ்க்ரூதான் ஈசியா இருக்கு."

சிக்கல் என்னவென்றால், துப்பாக்கி லேசாக ஆக ஆகக் குறி தப்பத் தொடங்கியது. மரக்கட்டை இருந்த காலத்தில் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவுக்குள் விழுந்த தோட்டாக்கள், இப்போது ஒன்று கிழக்கே, ஒன்று தரையில். கருப்பசாமி டெஸ்டிங்காரர் அல்லவா, ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். ஸ்கோப்பை மாற்றினார், தோட்டாவை மாற்றினார், திருகாணிகளை அளவுமானி வைத்து முடுக்கினார். யூடியூபில் தாடி வைத்த ஒருவர் நூறு கஜத்துக்குக் குறி வை என்றார். இன்னொரு தாடி இருநூறு கஜத்துக்கு வை என்றது. மூன்றாவது தாடி, நீங்கள் எல்லோருமே தப்பு என்றது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எக்ஸெல் நீண்டது, குறி மட்டும் வரவில்லை. "எல்லாம் பாஸ் ஆகுது, சேத்து ஓட்டினா ஃபெயில் ஆகுது. ஆபீஸ்லகூட எனக்கு இப்படி ஆனதில்ல," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

அந்த எரிச்சலில்தான் கேட்டேன்: "யாருப்பா உன்னை இந்தக் கூத்துக்குக் கூப்பிட்டது?"

அப்போதுதான் வால்டரைப் பற்றிச் சொன்னார். கருப்பசாமி வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். டெக்சஸ்காரர், வயது எழுபத்தொன்று. வையோமிங்கில் அந்த மலையில் வேட்டையாட வெளிமாநிலத்தார் வருடா வருடம் விண்ணப்பித்து, வருடத்துக்கு ஒரு புள்ளி சேர்க்க வேண்டுமாம். கிரீன் கார்டு வரிசை மாதிரியேதான். அந்த மலைக்கு எட்டுப் புள்ளி வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பே வால்டரிடம் ஒன்பது இருந்தது. அந்த வருடமே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் கருப்பசாமியையும் சேர்த்து ஒரே குழுவாக எழுதிப் போட்டார். கருப்பசாமியிடம் இருந்தது ஒன்று. இருவரின் சராசரி ஐந்து. ஆக மூன்று வருடம் கூடுதலாகக் காத்திருந்தார் அந்த மனிதர். அந்த மூன்று வருடத்தில் அவர் வலது முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன் ஆயிற்று. இந்த ஒரு தடவை போய் வாருங்கள், அதோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பார்பிக்யூவுக்கு வா, கேமுக்கு வான்னு நெறைய பேர் கூப்பிட்டிருக்காங்க அண்ணாச்சி. என்கூட ஒரு வாரம் ஒரே டென்ட்ல வந்து இருன்னு கூப்பிட்டது இவரு ஒருத்தர்தான். ஏன் கூப்பிட்டாருன்னும் தெரியல. அவரால இனிமே வெயிட் தூக்க முடியாது. அவர் துப்பாக்கி, டென்ட், தண்ணி எல்லாம் நான்தான் தூக்கணும். அப்ப என்னோடது லேசா இருந்தாத்தானே ஆகும்?"

ஏழு கிராமை நான் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. வால்டர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை, இருநூறு கஜத்தில், தயிர் டப்பா மூடி அளவு வட்டத்தில் ஒன்றுகூடத் தப்பாமல் சுட்டுக் காட்ட வேண்டும். தப்பினால் கருப்பசாமி துப்பாக்கி இல்லாமல்தான் வர வேண்டும். காயப்பட்டு ஓடுகிற மானை இரண்டு நாள் தேடி நடக்க எனக்குக் கால் இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டு வர மனமும் இல்லை என்றாராம்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு, கலாவதி என்னையும் சேர்த்து அனுப்பினார். "நீங்க கூடப் போங்கண்ணே. இவர் பாட்டுக்குக் கொழப்பத்துலயே டிரைவ் பண்ணிருவார்." டென்டன் ஊரைத் தாண்டி ஒரு சுடுதளம். வால்டர் கைத்தடியோடு முன்பே வந்து காத்திருந்தார். நெட்டையான உருவம், பேச்சு குறைவு. கருப்பசாமியின் துப்பாக்கியை ஒரு கையில் வாங்கி எடை பார்த்தார். தானே மூன்று குண்டு சுட்டார். மூன்றும் ஒரே இடத்தில். பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டு, "இதைச் சுடுவதற்குச் செய்தாயா, தூக்குவதற்குச் செய்தாயா?" என்று கேட்டார்.

கருப்பசாமிக்கு இன்னும் குழப்பம். துப்பாக்கியில் குற்றமில்லை என்றால் பிறகு எதில்?

வால்டர் தோட்டாவைத் தானே போட்டுத் தருவதாகச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ போட்டு, துப்பாக்கியைக் கொடுத்தார். கருப்பசாமி படுத்து, குறி பார்த்து, விசையை அழுத்தினார். 'டக்' என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை, உள்ளே இருந்தது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. ஆனால் வெடித்த மாதிரியே கருப்பசாமியின் உடம்பு தூக்கிப்போட்டது. குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

நானும் வால்டரும் அதைப் பார்த்தோம். கருப்பசாமியும், கண்ணைத் திறந்ததும், தரையைப் பார்த்து நிற்கிற தன் துப்பாக்கியைப் பார்த்தார்.

எடை குறைந்த துப்பாக்கி தோளில் பேயாக உதைக்கிறது. அந்த உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே அவர் கண்ணை மூடி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், தனக்கே தெரியாமல். சட்டையை விலக்கிக் காட்டினார். தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்தது. "அடப்பாவி, இதை வெளியே சொல்லக் கூடாதா?" என்றேன். "வலிக்குதுன்னு சொன்னா, வர வேணாம்னு சொல்லிருவாரோன்னு..." என்று இழுத்தார். திரும்பி வரும்போது ஐம்பது மைலில் ஒரு தடவைகூடக் குழப்பமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் தயிர் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரப்பர் மெத்தை திரும்ப வந்தது. மரக்கட்டை வந்தது. பெரிய ஸ்கோப்பும் வந்தது. ஒவ்வொன்றையும் மாட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டி முடித்த பெட்டியில் யாரோ புளி மூட்டையைத் திணிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். கடைசியில் துப்பாக்கி மூன்று கிலோ எழுநூறு. கூடிய ஒரு கிலோவுக்கு ஈடாக, தினமும் மாலை முதுகுப் பையில் இருபது பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். எதிரே வந்த தமிழ்க் குடும்பங்கள் கடைக்குப் போய் வருகிறார் என்று நினைத்துக்கொண்டன. "கார் என்ன ஆச்சு அங்கிள்?" என்று ஒரு பெண் விசாரித்தாளாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கராஜில் இன்னொரு பயிற்சி. வெற்றுத் துப்பாக்கியோடு தரையில் படுப்பார். குழல் முனையில் ஒரு ரூபாய்க் காசு. விசையை அழுத்தினால் காசு விழக்கூடாது. முதல் வாரம் பூராவும் காசு உருண்டு காருக்கடியில் ஓடியது. துப்பாக்கி இருக்கும் பக்கமே வராத கலாவதி, "எந்திரிச்சு எந்திரிச்சு எடுக்காதீங்க, நான் வைக்கிறேன்" என்று பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் காசு. 'டக்', 'ணங்'. மறுபடியும் வைப்பார். 'டக்', 'ணங்'. எதிர் வீட்டில் எனக்கே அந்தச் சத்தம் பழகிவிட்டது. செப்டம்பர் நடுவில் ஒரு நாள் 'டக்' மட்டும் கேட்டது. நான் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டேன். அடுத்ததில் 'ணங்' என்றது.

கடைசிச் சனிக்கிழமை போகும் வழியில் "மூடியோட விளிம்புல பட்டா என்ன அர்த்தம் அண்ணாச்சி? பாஸா ஃபெயிலா? கொழப்பமா இருக்கு," என்றார். பழைய கருப்பசாமி திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. காலியான தயிர் டப்பாவின் மூடியையே இருநூறு கஜத்தில் ஆணியடித்து வைத்தார்கள். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் வால்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டுக் கொடுப்பார். எது நிஜத் தோட்டா, எது வெற்று என்று கருப்பசாமிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

என்னிடம் தொலைநோக்கியைக் கொடுத்திருந்தார்கள். முதல் குண்டு மூடியின் நடுவுக்குப் பக்கத்தில். இரண்டாவது விளிம்பில், மயிரிழையில் உள்ளே. மூன்றாவது உள்ளே. நான்காவதும் உள்ளே. வால்டர் சட்டைப் பையில் கைவிட்டார். ஐந்தாவதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூடியைப் பார்க்காமல் குழல் முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் தொலைநோக்கியை இறக்கிவிட்டு அதையே பார்த்தேன்.

'டக்.'

முனை அசையவில்லை. கருப்பசாமியின் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி புருவத்தில் இறங்கி, வலது கண்ணுக்குள்ளேயே போயிற்று. கண் மூடவில்லை. வால்டர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போதும், எழுந்திரு என்று இரண்டு தடவை சொன்னார். கருப்பசாமி காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல், கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல், வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, அடுத்த தோட்டாவுக்காக உள்ளங்கையை விரித்தார்.