அருகில் குடியிருப்புகள் இல்லை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒப்பந்த வேலை. பொறியாளர் கையால் எழுதித் தருவதைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு வைக்க வேண்டும். பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறது என்று மனதில் வாங்காமலே அடித்துவிடுவேன். விரல்கள் அப்படிப் பழகிவிட்டன.

அந்த அறிக்கையையும் அப்படித்தான் அடிக்க ஆரம்பித்தேன். சுற்றுப்பட்டு ஊராட்சிகளின் குப்பையையும், தொழிற்பேட்டை கேன்டீன்களின் கழிவையும் ஒரே இடத்தில் கொட்டிப் பிரிப்பதற்கு ஒரு கிடங்கு. இரண்டு இடங்கள் பார்த்திருந்தார்கள். ஒன்று ஊருக்கு மேற்கே, நிலம் வைத்திருப்பவர்களின் வயலை ஒட்டி. மற்றது ஒரு புறம்போக்கு. முதல் இடத்துக்கு நேரே ‘விவசாயம் பாதிக்கப்படும்’ என்றிருந்தது. இரண்டாவதற்கு நேரே ‘அருகில் குடியிருப்புகள் இல்லை’.

சர்வே எண்ணை அடிக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அந்தப் புறம்போக்குதான். வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கும்.

“சார், இங்க எங்க காலனி இருக்கு சார்” என்றேன்.

பொறியாளர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “வரைபடத்துல இல்லையேம்மா. அதுல இருக்கிறதத்தான போட முடியும்?”

அடித்தேன். மதியம் டப்பாவிலிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். கரண்ட் போவதற்குள் வேலையை முடித்துவிட்டோம் என்பதைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டில் நானும் அம்மாவும்தான். எங்கள் பக்கம் வயல்கள் இருந்தவரை அம்மா நடவுக்குப் போனாள். வயல்கள் கம்பெனிகளான பிறகு, அதே இடத்தில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள். காண்ட்ராக்டர் மாறியதும் அந்த வேலையும் போயிற்று. அறிக்கையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கிராம சபை பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. தீர்மானங்களைப் பதிவு செய்ய என்னை அனுப்பியிருந்தார்கள். லேப்டாப்போடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பொறியாளர் அறிக்கையை வாசித்தார். அந்த வரி வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள்.

“ஊடே இல்லன்னு எவன் எழுதினது? அப்ப நாங்க இன்னா, மரமா? பின்னாடி கதவத் தொறந்தா அந்த எடம்தான். ஏற்கனவே கம்பெனிப் பொகையில தொவச்ச துணி காயறதுக்குள்ள கருத்துப் பூடுது. குப்பையும் கொணாந்து கொட்டினா நாங்க எங்க போறது?”

யாரோ சிரித்தார்கள். அம்மா உட்காரவில்லை. என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

“தோ, என் பொண்ணே அங்க குந்திக்கினு கீது. அதக் கேளுங்க. காலனி கீதா இல்லையான்னு அது சொல்லும்.”

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியாளர் குனிந்து மெதுவாகச் சொன்னார். “கருத்து தெரிவிக்கப்பட்டது, பரிசீலிக்கப்படும்னு போட்டுக்கோம்மா.”

போட்டுக்கொண்டேன். வெட்கமோ கோபமோ வந்திருக்க வேண்டும். மரத்துப்போன காலைக் கிள்ளினால் யார் காலையோ கிள்ளுவது போலிருக்குமே, அப்படித்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். இரும்பு உருக்கும் கம்பெனியின் மதிற்சுவரை ஒட்டி அம்மா முன்னால் நடந்தாள். பிறகு கேட்டாள்.

“நான் பேசினத எழுதினியா?”

“எழுதினேன்.”

“முச்சூடுமா?”

“சுருக்கமா.” கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னேன். “ஊடு இல்லன்னு அடிச்சதும் நான்தாம்மா.”

அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டேதான் பதில் சொன்னாள். “மின்னாடியே சொல்லிருக்கலாம் இல்ல? தெரிஞ்சிருந்தா அத்தினி பேர் முன்னால உன்னக் கை காட்டிருக்க மாட்டேன்.”

அதற்கப்புறம் காலனியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். நான் பேனாவை எடுத்தபோது அம்மா தடுத்தாள். “நீ போடாத. வேல பேஜாராப் பூடும்.” பேனாவை வைத்துவிட்டேன். ஓர் அதிகாரி வந்து பார்த்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மழைக்காலம் முடிந்ததும் ஜேசிபி வந்து வேலிகாத்தானை வாரிப் போட்டது.

இப்போது காலையிலேயே லாரிகள் வந்துவிடுகின்றன. குப்பை தானாகப் பற்றிக்கொள்ளும் நாட்களில் புகை வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. பின்கதவை ஆணி வைத்து அடித்துவிட்டோம். குப்பை பிரிக்க ஆள் எடுத்தபோது காலனிப் பெண்களையே எடுத்தார்கள். அம்மாவும் போகிறாள். பச்சைக் கோட்டும் கையுறையும் கொடுத்திருக்கிறார்கள்.

எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையிலிருந்து வாடை போகவில்லை என்று அவள் இப்போதெல்லாம் ஸ்பூனால் சாப்பிடுகிறாள். ஆரம்பத்தில் சோறு சிந்திக்கொண்டிருந்தது. இப்போது சிந்துவதில்லை. “குந்திக்கினே செய்ற வேலதான், முட்டி வலி தேவல” என்றாள் ஒரு நாள். சரி என்றேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். ஊற்றினேன்.